ஓட்டைக் காசுக் கருப்புசாமி

மைசூர் மேட்டகள்ளிக்கு வந்து கருப்புசாமி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். ஓட்டைக் காசுக் கருப்புசாமி என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலிலேயே விட்டுவிடுவார்கள். மனிதருக்குப் பிழைப்பும் ஓட்டைதான். புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடி வீடுகளில் ஏசி குழாய்க்கும் குளியலறைக் குழாய்க்கும் மெஷின் வைத்துக் கான்கிரீட்டைத் துளைத்துக் கொடுப்பார். மைசூரில் வீடு கட்டுகிறவர்கள் எங்கே ஓட்டை வேண்டும் என்பதைச் சுவர் பூசி முடித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அதனால் அவருக்கு வேலை இல்லாமல் போனதே இல்லை.

வாரம் முழுக்க ஓட்டை போட்டுவிட்டு, லீவு கிடைத்தால் அடுத்தவர் போட்ட ஓட்டையைத் தேடிக் கிளம்பிவிடுவார். ஹனூர், கொள்ளேகால், சாமராஜநகர் என்று ஒரு பழைய பாத்திரக் கடை பாக்கியில்லை. பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டிய வெள்ளி அரை ரூபாய், தாலிச் சரட்டில் கோத்த கால் ரூபாய், காளையின் கழுத்துப் பட்டையில் தொங்கிய செம்புக் காசு, எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தவை, எல்லாம் துளை போட்டவை. பிஸ்கட் டின் ஒன்று நிறைய வைத்திருந்தார்.

ஓட்டையைப் பார்த்தே கதை சொல்வார். துளை, காசில் இருக்கிற ராஜாவின் தலைக்கு நேர் மேலே இருந்தால் நிதானமான ஆள் போட்டது, கட்டினால் ராஜா நேராக நிற்பார். ஆணி வைத்து அடித்ததா, துரப்பணம் சுற்றியதா என்பது விரலால் தடவினாலே தெரிந்துவிடும். ஒரு காசில் துளை சரியாக ராஜாவின் கண்ணில் விழுந்திருந்தது. போட்டவன் அன்றைக்குத்தான் வரி கட்டிவிட்டு வந்திருப்பான் என்பார். அவர் உயிரை வைத்திருந்தது இரட்டை ஓட்டை போட்ட ஒரு கால் ரூபாயின் மேல். முதல் ஓட்டை தேய்ந்து தேய்ந்து விளிம்பைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. யாரோ காசைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் இன்னொரு ஓட்டை போட்டிருந்தார்கள். மூத்ததுக்குக் கட்டி, பிறகு இளையதுக்கும் கட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். “நல்ல காசு கைக்கு வந்து கைவிட்டுப் போயிருமுங்க. இத ஒருத்தரு யாருக்காகவோ நிறுத்தி வெச்சிருக்காங்க.”

நகரத்தில் நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். அங்கே ஓட்டைக் காசு என்றால் தராசில் போட்டு வெள்ளி விலைக்குத் தள்ள வேண்டிய சரக்கு. அதிலும் ஒரு விலக்கு உண்டு. யுத்த காலத்தில் அரசாங்கமே நடுவில் பெரிய துளையோடு அடித்துவிட்ட ஓட்டைக் காலணாவை மட்டும் மதிப்பாகப் பார்ப்பார்கள். அப்படி ஒன்று கருப்புசாமியின் டின்னிலும் உண்டு. அரசாங்கம் போட்ட ஓட்டைக்கு மரியாதை, அம்மா போட்ட ஓட்டைக்கு இல்லை. இது என்ன நியாயம் என்று கருப்புசாமி பல வருஷமாகக் கேட்டுப் பார்த்தார், சிரித்தார்கள். கடைசியில் செயலாளர் நஞ்சுண்டசாமி, வருஷக் கண்காட்சியில் ஒரு மேஜை தருகிறேன், ஆனால் முதலில் காசுகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

நஞ்சுண்டசாமி வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், லென்ஸை எடுத்தார், ஒவ்வொரு காசாகத் தூக்கிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் கன்னடம் கலந்த தமிழில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

“நோடி கருப்புசாமி, இந்த ஓட்டை மட்டும் இல்லேன்னா எத்தனை ஒசத்தியான காசு. ஓட்டை விழுந்துடுச்சு, அஷ்டே, அவ்வளவுதான்.”

கருப்புசாமியின் மனைவி மாதம்மா காபி கொண்டுவந்தபோது அந்த வாக்கியத்தை ஒருமுறை கேட்டாள், வடை கொண்டுவந்தபோது கேட்டாள், டம்ளர் எடுக்க வந்தபோதும் கேட்டாள். கருப்புசாமிக்குப் பழகிப்போன பேச்சு. அவளுக்குப் புதிது. தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தன் வடையைத் தின்றுகொண்டு தன் புருஷனின் காசை ஒருவர் குறை சொல்வதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஞ்சுண்டசாமி மேஜை தந்துவிட்டுத்தான் போனார். குடிதண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து மேஜை. ஆனாலும் மேஜை.

கருப்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் வரப்போகிறார்கள், பார்க்கப்போகிறார்கள். கிடைக்கிறது இந்த ஒரு மேஜைதான். ஒவ்வொரு காசுக்கும் கன்னடத்தில் சின்னச் சின்ன அட்டை எழுதினார். ஓட்டை போட்டவர்: தெரியாது. யாருக்காக: தெரியாது. எல்லா அட்டையிலும் இதேதான். எழுதி முடித்துவிட்டு, குண்டலுபேட்டையில் ஒரு புது லாட்ஜுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த லாட்ஜில் எந்தக் குளியலறையிலும் தண்ணீர் வெளியே போக வழி வைக்கவில்லை.

திரும்பி வந்ததும் மாதம்மா டின்னைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

“திறந்து பாருங்க.”

திறந்தார். டின் பளபளவென்று இருந்தது. காசுகளில் நூறு வருஷக் கறுப்பு இல்லை. ஓட்டையும் இல்லை. ஒவ்வொரு துளையிலும் வெள்ளியை வைத்து ஊதி, அரத்தால் ராவி, மழமழவென்று ஆக்கியிருந்தது. தலைக்கு மேலே துளை இருந்த ராஜாக்களுக்கு அங்கே வழுக்கை. செம்புக் காசுகளுக்கு வெள்ளைப் பொட்டு. கண்ணில் துளை வாங்கிய ராஜாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. இரட்டை ஓட்டைக் கால் ரூபாயின் பிய்ந்த விளிம்பைக்கூட வளைத்துக் கட்டிக் கொடுத்திருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். அரசாங்கம் போட்ட ஓட்டைக் காலணாவையும் விடவில்லை.

“ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சுப்போட்டேனுங்க,” என்றாள் மாதம்மா. “அசோகா ரோட்டுக்குப் பின்னால ஒரு ஆசாரி. பாலீஷ் சும்மாவே போட்டுக் குடுத்தாரு. லென்சு வெச்சுப் பாத்த அந்தய்யா இனிமே என்ன சொல்றாருன்னு பாத்தரலாம்.”

கருப்புசாமி டின்னை மூடினார். மறைப்பானேன், அந்த நிமிஷம் அவளைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை.

“வெள்ளி ஏது?” என்று மட்டும் கேட்டார்.

“என்ற கொலுசு இருந்துதல்லங்க.”

கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு. எந்தக் காலத்திலோ திருகாணி போய்விட்டது. நான் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று கருப்புசாமிதான் வாங்கி அலமாரியில் வைத்தார். அரை ரூபாய்க் காசு ஒன்று இருக்கிறது என்றால் கொள்ளேகால் வரைக்கும் பஸ் ஏறுகிறவருக்கு, கொலுசை எடுத்துக்கொண்டு அசோகா ரோடு போக இத்தனை வருஷத்தில் நேரம் வாய்க்கவில்லை.

“நல்லா இருக்குது,” என்றார்.

மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போன நேரம், சின்ன டிரில்லை எடுத்தார். இரட்டை ஓட்டைக் கால் ரூபாயை மரக்கட்டையில் இறுக்கி வைத்தார். அடைத்த இடம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதே அளவு டிரில் பிட்டும் இருந்தது. ஒரு காசுக்கு ஒரு நிமிஷ வேலை, எல்லாமே பழையபடி ஓட்டைக் காசு ஆகிவிடும். பிட்டைக் காசின் மேல் வைத்தார்.

இது யாருக்காகப் போடுகிற ஓட்டை என்று தோன்றியது. எந்தப் பிள்ளைக்கும் இல்லை, எந்த மாட்டுக்கும் இல்லை. குடிதண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு. அதுவும் மாதம்மாவின் கொலுசைத் துளைத்துப் போட வேண்டும். டிரில்லின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு அட்டைகளை எடுத்தார்.

கண்காட்சி அன்று நஞ்சுண்டசாமி மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு கடைசியில் அங்கே வந்தார். மாதம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். அவர் லென்ஸை எடுத்தார். ஒரு காசைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், காலணாவைப் பார்த்துவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏன்ரீ இது. அடைச்சுட்டீங்களா? ஓட்டையோட இருந்தாவாவது ஓட்டைக் காசு. இப்போ அதுவும் இல்ல. பாலீஷ் வேற. காலணா ஓட்டையைப் போயி… யாரு ஸ்வாமி இப்படிக் கெடுத்தது?”

கருப்புசாமி ஓர் அட்டையை நேராக்கி வைத்தார். நஞ்சுண்டசாமி வருத்தமாகத் தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். நிஜமான வருத்தம்தான்.

மாதம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

“ஏனுங்க. நாங் கெடுத்துப்போட்டனுங்களா?”

“ஆமா,” என்றார் கருப்புசாமி. “கெடுத்துப்போட்ட.”

“அப்புறம் ஏன் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க?”

“ஓட்டை போட்டவங்களும் காசக் கெடுத்தவங்கதான், மாதம்மா. அவுங்க ஒருத்தரு பேருகூட எனக்குத் தெரியாது. இத்தன வருசமாத் தேடியாச்சு.” இரட்டை ஓட்டைக் கால் ரூபாயின் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இந்தப் பேருதான் தெரியும்.”

மாதம்மா தான் பிறந்த ஊரான கௌதள்ளியில் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள். அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஓட்டை போட்டவர்: தெரியாது. யாருக்காக: தெரியாது. அதற்குக் கீழே புது மையில் இரண்டு வரி இருந்தது. அடைத்தவர்: மாதம்மா. யாருக்காக: கருப்புசாமி. மேஜையில் இருந்த மற்ற அட்டைகளையும் குனிந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு மாதம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டையைக் கருப்புசாமியிடம் நீட்டினாள்.

“ஊர் பேர உட்டுப்போட்டீங்க.”

கருப்புசாமி சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, கௌதள்ளி என்று சேர்த்து எழுதினார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார்.