உச்சி வெயிலில் ஏறிய நாள்

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. உப்பு, துணி, எதுவானாலும் அடிவாரத்துச் சந்தைக்கு நடந்துதான் இறங்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நானும் என் கணவரின் அண்ணன் மனைவியும் சாமை மூட்டையோடு இறங்குவோம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சந்தை முடிந்ததும் புளியமரத்தடியில் கிடந்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகே ஏறுவோம். மலையில் வளர்ந்த உடம்புக்குக் கீழ்நாட்டு வெயில் ஆகாது.

அந்தச் சித்திரையில் அக்காவுக்குக் கைக்குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். உச்சிப்பொழுதுக்குள் பால் கட்டிக்கொண்டது.

"என்னால உக்கார முடியல புள்ள. கொழந்த கத்திக்கிட்டுக் கெடக்கும். நட, போலாம்."

"வெயில் தாழட்டும்க்கா."

"உனக்கென்ன, பெத்தவளுக்குத்தான் தெரியும்."

எனக்கு அப்போது பிள்ளை இல்லை. கோபத்தோடு உப்பு மூட்டையைத் தலைக்கு ஏற்றினேன்.

பாதை ஏறத் தொடங்கும் இடம் மரமில்லாத பாறைச் சரிவு. கொஞ்ச தூரத்திலேயே சுரைக்குடுக்கைத் தண்ணீர் தீர்ந்தது. முன்னால் போன அக்காவின் முதுகில் வேர்வை இல்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று அவள் நின்று, "தூளிய யாரு வெயில்ல கட்டுனது?" என்றாள். அப்படியே மடங்கி விழுந்தாள்.

பாறை நிழலுக்கு இழுத்துப் போட்டுத் தொட்டால், அடுப்புக்கல் மாதிரி கொதித்தது உடம்பு. கீழே ஓடினேன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம், "ஏனுங்க, எங்கக்கா விழுந்துட்டாங்க" என்றதும், அவர் மாட்டை அவிழ்த்துவிட்டு, குடத்தை நிறைத்துத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஏறினார்.

"நெனவு வராம வாயில ஊத்தாதீங்க, பொறையேறிக்கும். தலைக்கும் கழுத்துக்கும் ஊத்துங்க."

நான் ஊற்ற ஊற்ற, அவர் தலைத்துண்டை அவிழ்த்து விசிறினார். வெகுநேரம் கழித்துத்தான் அக்கா கண் திறந்தாள். உப்புப் போட்ட தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தோம்.

"பொழுது எறங்கற வரைக்கும் நவுரக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டு, குடத்தை எங்களிடமே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஈரத்துணியை வைத்து அக்காவின் பாலைப் பீய்ச்சிவிட்டேன். பாறையில் விழுந்த பால் விழுந்த சுருக்கில் காய்ந்தது.

நன்றாக இருட்டிய பிறகுதான் வீடு சேர்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வெயிலே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் காய்ந்தாலும் தலைவலி, வாந்தி. சந்தைக்கு நான் தனியாகவே இறங்கினேன், எத்தனையோ சித்திரை. எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோது வீட்டில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அன்று சொன்ன சொல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மலையேறி வந்து நான் சாய்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பிருக்காது.