கொட்டிலுக்குள் ஒரு கார்

குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைப்பதற்காக நேற்று என் காருக்கு மெழுகு பூசினேன். அந்த மணத்தில் எண்பதுகளில் நாங்கள் வாழ்ந்த சுவிட்சர்லாந்தின் துன் நகரம் திரும்பி வந்தது.

அப்பா அங்கே ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். எங்கள் அகதி வழக்குக்கு முடிவு வரவில்லை. யார் கதவைத் தட்டினாலும் அம்மாவின் முகம் வெளிறிவிடும். பனி தொடங்கவிருந்த ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பண்ணையில் தனியாக வாழ்ந்த ஃப்ராவ் கெர்பர் என்ற பெண்மணி வந்து தட்டினார். எங்கள் பழைய காரைக் காட்டி உரத்த குரலில் ஏதோ சொன்னார்.

"எங்களைப் போகச் சொல்லுறாவோ?" அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ஒன்பது வயதுக்காரியான எனக்குத்தான் வீட்டில் கொஞ்சம் ஜெர்மன் தெரியும்.

"இல்லையம்மா. பனிக்கு வெளியில விட்டால் கார் கறள் பிடிச்சு இத்துப்போகுமாம். தன்ர கொட்டிலுக்குள்ள விடட்டாம்."

இறந்துபோன கணவரின் டிராக்டர் நின்ற இடத்தை அவர் ஏற்கெனவே கூட்டிவைத்திருந்தார். அப்பா பேட்டரியைக் கழற்றினார். அவரும் ஃப்ராவ் கெர்பருமாக மெழுகு பூசினார்கள். கடைசியில் ஃப்ராவ் கெர்பர் தன் வீட்டிலிருந்து ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவந்து காரின் மேல் விரித்தார்.

"பிள்ளையைப் போர்த்துற மாதிரிப் போர்த்துறா," என்றார் அப்பா.

மாலையில் அம்மா சுடச்சுட வடை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் புறப்பட்டார். நன்றிக்கு அந்த ஊர்ச் சொல்லாக நான் சொல்லிக்கொடுத்த 'மெர்சி'யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். கதவு திறந்ததும் அது மறந்துபோய், "நன்றி," என்று தமிழிலேயே சொன்னார்.

ஃப்ராவ் கெர்பர் தட்டை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.