அண்ணன் வாசிக்காமல் விட்ட செய்தி

எனக்குப் பார்வை இல்லை. மலேசியாவில், லிங்கி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தினமும் காலையில் அண்ணன்தான் எனக்குப் பேப்பர் வாசிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் போய்வரும் சிரம்பான் பார்வையற்றோர் மையத்துக்குப் பிரெயில் கருவி வந்தது. கணினித் திரையில் உள்ள எழுத்து விரலுக்கடியில் புள்ளிகளாக எழும். இணையத்தில் நானே திறந்த முதல் ஆங்கிலப் பேப்பரில் எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்தது. வீடமைப்புக்காக விற்றாகிவிட்டதாம், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டுமாம். பழைய பேப்பர்களையும் திறந்து பார்த்தேன், மாதக்கணக்கில் இதே செய்தி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீ பயந்துருவன்னுதான் வாசிக்கல லா. லயத்து ஆளுங்களையும் உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லி வச்சேன்," என்றார்.

"எனக்குக் கண்ணுதாண்ணே இல்ல. வீடு எனக்கும்தானே போவுது?"



இப்போதெல்லாம் மையத்தில் படித்துவிட்டு வந்துதான் அண்ணனைப் பேப்பர் வாசிக்கச் சொல்கிறேன். செய்திக்காக இல்லை, எதை விடுகிறார் என்று கேட்பதற்காக.