ஆயில் விளக்கு அணைந்த மாலை

"ஆயில் வால்வு மாத்தினது. மழை." தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் அம்மாவின் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. முன்புறத்தில் கிழமை ஞாயிறு. தேதியும் ஆண்டும் இருந்த மேல்பாதியை யாரோ எதற்கோ கிழித்துவிட்டார்கள். ராசிபலன் மட்டும் முழுதாகத் தப்பியிருக்கிறது. அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது பலிக்கவில்லை. அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை என்று அடியில் அச்சாகியிருப்பதால் மே மாதம் என்று கொள்ளலாம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகக் காத்திருந்த விடுமுறை. இவற்றை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஆண்டு அல்ல, அந்த மாலையின் ஒரு நொடி.

அப்பாவிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. மரக்காணத்தில் உப்பு எடுக்கும் மாதங்களில் உப்பளத்திலிருந்து மூட்டைகளை ரோட்டோரக் கொட்டகைக்கு ஏற்றுவார். அளம் மூடிக் கிடக்கும் மழை மாதங்களில் அதே வண்டி வானூர்ப் பக்கம் காய்கறி ஏற்றி எங்களுக்குச் சோறு போட்டது. அந்த ஆண்டுதான் முதல்முறையாக அவரே சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பிறருடைய உப்பை ஏற்றிக்கொண்டிருந்தவரின் சொந்த உப்பு மூட்டையாகி வரப்போரம் அடுக்கிக் கிடந்தது. அதை ஏற்ற வேண்டிய வாரத்தில் வண்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி ஒன்றின் படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, எனக்கு அதை விளக்கினார். "இஞ்சினுக்குள்ள ஆயில் ஓடுது பாரு பாப்பா, அதுக்குப் பிரஷர் கொறைஞ்சா இது எரியும். நமக்கு பி.பி. மாதிரி."

"எனக்கு பி.பி. ஏத்தறதே நீங்க ரெண்டு பேருதான்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

ஆயில் அழுத்தத்தை அளவோடு வைத்திருப்பது ஒரு சின்ன வால்வு. ஒரு நட்டு, அதற்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் சுண்டுவிரல் அளவுக்கு வழவழப்பான ஓர் இரும்புக் கட்டை. அழுத்தம் கூடினால் கட்டை பின்னால் நகர்ந்து வழிவிடும். குறைந்தால் முன்னால் வந்து மூடிக்கொள்ளும். எங்கள் வண்டியில் அது தேய்ந்து, மூட மறந்துவிட்டது. அப்பா புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். மாட்ட வேண்டிய மெக்கானிக்கோ பெருமுக்கல் மலைக்கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மாமா புதுச்சேரியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். "டீ வாங்கியாந்ததத் தவிர அங்க இன்னாத்தக் கத்துக்கின?" என்று அப்பா அடிக்கடி கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படிக் கேட்கவில்லை.

ஏனென்றால் கிழக்கே கடலுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடையில் வரக் கூடாத மேகம். ஊரிலிருந்த வண்டிகளெல்லாம் அவரவர் உப்பை ஏற்ற அளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி மட்டும் வாசலில் நின்றது. அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். "அந்த லைட்டு அணையாம வண்டி இந்தத் தெருவத் தாண்டக் கூடாது." எதிர்வீட்டுக்காரர் இதே விளக்கு எரிய எரிய ஓட்டி இஞ்சின் இறுகிப் பிடித்துப்போன கதை தெருவுக்கே தெரியும். அவருடைய வண்டிமேல் அப்போது விறகு காய்ந்துகொண்டிருந்தது.

மாமா வண்டிக்கடியில் ஒரு கோணியை விரித்துப் படுத்தார். டார்ச் அடிப்பது அம்மாவின் வேலை. என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, "லைட்டயே பாத்துக்கினு இரு. அணைஞ்சதும் சொல்லு" என்றார் அப்பா. பழைய வால்வு கழன்றது. புதியதைப் பையிலிருந்து எடுத்து, ஆயில் தடவி, கைக்கு வாகாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமா உள்ளே துடைத்தார். பிறகு மாட்டி முறுக்கினார். அப்பா சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. இஞ்சின் உறுமியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அணையல" என்றேன்.

அப்பா இஞ்சினை நிறுத்தினார். அளத்திலிருந்து போன் வந்தது; மூட்டைகளுக்குக் காவலிருந்தவர் கத்தியது எனக்கே கேட்டது. "வண்டி எங்கப்பா? தார்ப்பாய் பாதிக்குக்கூடப் பத்தல."

அம்மா குனிந்து கோணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "புதுச எங்கடா வெச்ச?"

"இங்கதான், கோணி மேல."

"உப்புக் கோணி மேலயா?"

அது உப்பு அள்ளிய கோணி. எங்கள் வீட்டில் வேறு கோணி ஏது? உப்பு எங்கள் சட்டைத் தையலில் இருந்தது, பாயில் இருந்தது, தலையணை உறையில் இருந்தது. அதை ஒரு பொருளாகப் பார்க்கும் கண்ணே எங்களுக்கு இல்லை. ஆயில் தடவிய இரும்பை அதன்மேல் வைத்தால் என்ன ஒட்டும் என்று மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழற்றிப் பார்த்தபோது கட்டை பாதி வழியில் சிக்கி நின்றிருந்தது. அம்மா சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். டீசலில் கழுவிய கட்டையை மாமா அதில் வைத்து உருட்டினார்.

"மாமா, புதுசுல கோடு விழுந்துடுச்சு" என்றார் அப்பாவிடம்.

"ஓடுமா, ஓடாதா?"

"ஓடலாம். சிக்கவும் சிக்கலாம்."

அப்பா கிழக்கே பார்த்தார். "மாட்டுப்பா" என்றார்.

இரண்டாவது தடவை மாமா வண்டிக்கடியில் அதிக நேரம் இருந்தார். அம்மா டார்ச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லி அவரே வாங்கிக்கொண்டார். அம்மா எழுந்து நின்று, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். பிறகு அடியிலிருந்து, "போடுங்க மாமா" என்று குரல் வந்தது. அப்பா சாவியில் கை வைத்தார். அதே நேரம் முன்கண்ணாடியில் பொத்தென்று ஒரு மழைத்துளி விழுந்தது. பெரிய துளி. புழுதியில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். மறுபடி குனிந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குப்பி இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

"அணைஞ்சிடுச்சு" என்றேன்.

அம்மா துணிகளை அணைத்தபடி ஓடிவந்தாள். "நெஜமாவே சரியாயிடுச்சாடா?"

மாமா வெளியே வந்து சட்டையை உதறினார். "என்ன ஏன் கேக்கற? பாப்பாவக் கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். "லைட்டு போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சும்மா." பெரியவர்கள் என் வார்த்தைக்காகக் காத்து நின்றது அதுவே முதல்முறை. இன்னொரு தடவையும் சொன்னேன், இன்னும் சத்தமாக. அம்மா வழிவிட்டு நகர்ந்தாள்.

அன்று இரண்டு நடை உப்பு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது நடைக்குள் மழை கொட்டிவிட்டது. மிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே கரைந்து போனது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நடை போதும், குத்தகையை விடவேண்டியதில்லை என்று அப்பா சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா சோற்றில் கை வைத்தபோது, அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டைப் பிய்த்துப் போடச் சொன்னாள். அடுத்த நாள் காலையில் நான் கண்விழித்தபோது, அப்பாவும் மாமாவும் மறுபடி வண்டிக்கடியில் கிடந்தார்கள். இம்முறை அடியில் விரித்திருந்தது அம்மாவின் பழைய புடவை. மழைச்சேற்றைக் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னார். "சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒரு தரம் எரியணும் மேடம். அப்புறம்தான் அணையணும். எரியவே எரியாத லைட்டப் பாத்துதான் பயப்படணும். எவனாவது ஒயரப் புடுங்கியிருப்பான்." எனக்கு மாமாவின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு டேப் நினைவுக்கு வந்தது.

மாமா இப்போது குயிலாப்பாளையத்தில் வாடகை ஸ்கூட்டர்களைப் பழுது பார்க்கிறார். கேட்டால், "நீதான பாப்பா சாட்சி" என்று சிரிக்கிறார். அப்பாவுக்கு ஒரே பதில்: "வண்டி ஓடுச்சா இல்லியா?" ஓடியது உண்மை. விற்கும் வரையில் அந்த இஞ்சினால் தொல்லை வந்ததில்லை. அது கோடு விழுந்த வால்வு அன்றே வேலை செய்ததாலா, அடுத்த நாள் காலையில் செய்த வேலையாலா என்று தெரியவில்லை. அம்மாவிடம் நான் இதுவரை கேட்கவில்லை. அன்று துணிகளை அணைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டது விளக்கைப் பற்றியா, வழிவிட்டு நகர்வதற்கு ஒரு வார்த்தையையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சாவியைத் திருப்பியதும், இஞ்சின் உறுமும் முன், அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்ததா, எரியவே இல்லையா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அந்த நொடியில் வண்டிக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொல்ல மாட்டார். மற்றவள் மழைத்துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.