மாமாவின் தலைச்சூடு

எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சு படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் தாய்மாமா, இன்னொருத்தி நான். மாமா படித்ததையெல்லாம் பரீட்சை எழுதிய கையோடு மறந்துவிட்டார். எனக்குத்தான் அந்தச் சனியன் இன்றுவரை மறந்து தொலையவில்லை. பால் பொங்கக் காத்து நிற்கும்போது என் வாய் தானாகவே "தொன்னே, தொன்னா, தொன்னா" என்று ஆரம்பித்துவிடும். கொடுத்தேன், கொடுத்தாய், கொடுத்தான் என்று அர்த்தம்.

ஐம்பதுகளின் கடைசி அது. நாங்கள் தென்காசியில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். அப்பா அவரை மதராஸில் பி.ஏ. படிக்க வைத்திருந்தார். தமிழ் எடுத்தால் யாப்பு, அணி என்று உயிரை வாங்குவார்கள், பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளிக் கொட்டுவார்கள் என்று எந்தப் புண்ணியவானோ மாமாவின் காதில் ஓதியிருக்கிறான். மாமாவும் அதை நம்பினார். இங்கிலீஷிலும் சரித்திரத்திலும் தேறி, பிரெஞ்சில் மட்டும் குப்புற விழுந்தார். வீட்டுக்கு வந்து பாஸ் என்று சொல்லிவிட்டார். மூன்று பாகத்தில் இரண்டு பாகம் பாஸ்தான் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பொய்க்குக் காரணம் கேரள எல்லையை ஒட்டிய புளியறையில் இருந்தது. அங்கே அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பி.ஏ. பாஸ் செய்திருக்க வேண்டும் என்பதைத் தவிரப் பெண்ணின் அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. என் மச்சினன் பாஸாகிவிட்டான் என்று அப்பாவும் அவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாமா அந்தப் பெண்ணைக் கோயிலில் தூண் மறைவில் பார்த்தது பாதி முகம்தான். மீதி முகத்தைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் பரீட்சையை யாருக்கும் தெரியாமல் எழுதித் தேற வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை, ஊரில் அப்பாவுக்கு முகமும் இல்லை.

இந்த ரகசியத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணம், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்க மாமாவுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததுதான். நான் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்று முடித்து, அந்தப் பெருமை தாங்காமல் கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாமா சாமி படத்தின் முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு தட்டட்டிக்குக் கூட்டிப் போனார். மொட்டை மாடியை எங்கள் ஊரில் தட்டட்டி என்போம்.

மாமாவைக் கவிழ்த்தது ஓர் இறந்தகாலம். நடந்து முடிந்ததைப் பேச ஒரு காலம், அதையே கதைப் புத்தகத்தில் எழுத வேறொரு காலம் என்று பிரெஞ்சுக்காரர்கள் இரண்டாக வைத்திருக்கிறார்கள். இது எழுதுகிற காலம். வாயால் ஒருவரும் பேச மாட்டார்களாம். யாரும் பேசாததை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஏட்டி, ஒம் பாடப் புஸ்தகத்துல ராசா 'கூறினார்'னுதான இருக்கு? வீட்டுல யாராவது 'அம்மா கூறினாள்'னு சொல்லுதமா?" என்றார் மாமா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒழுங்கான வினைச்சொற்களுக்கு வேலை சுலபம். சொல்லின் வாலை வெட்டிவிட்டு நான், நீ, அவன் என்று ஆளுக்கொரு வாலை ஒட்ட வேண்டும். நாங்கள், நீங்கள் என்ற இருவருக்கு மட்டும் வாலில் ஓர் எழுத்தின் தலைமேல் குடை மாதிரி ஒரு குறி உண்டு. மாமா வாலையெல்லாம் சரியாக ஒட்டிவிடுவார், குடையைத்தான் மறந்துவிடுவார். மறந்தால் நான் அவர் தலையில் குட்ட வேண்டும் என்று பேச்சு. என் கடமையை நான் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. 'கொடு' முடிந்து, 'முடி' என்ற சொல்லுக்கு வந்தோம். அதற்கு வால்களே வேறு. நான், நீ, அவன் மூவருக்கும் "ஃபினி" என்று ஒரே சத்தம், எழுத்தில் மட்டும் அவனுக்கு வித்தியாசம். அங்கே என் குட்டுகளுக்கு நல்ல வேட்டை.

எதிர்வீட்டு அத்தை துணி எடுக்கத் தன் மாடிக்கு வந்து இதைப் பார்த்துவிட்டாள். நான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரிந்தது மாமா மட்டும். அவள் நேரே எங்கள் அடுக்களைக்கு வந்தாள்.

"மதினி, ஒங்க தம்பி ஒத்தையில நின்னு பேசுதாவ. என்ன பாஷைன்னே வெளங்கல. நடுவுல நடுவுல சொவத்தப் பாத்துத் தலையக் குனியுதாவ."

படிப்பு தலைக்கேறிவிட்டது, புளியறைக்குத் தெரிந்தால் கதை முடிந்தது என்று அப்பா புலம்பினார். அச்சன்புதூரிலிருந்து மந்திரவாதி ஒருவரை வரவழைக்கப் போவதாகச் சொல்லிச் சட்டையையும் மாட்டிக்கொண்டார். அப்பா பேசும்போது குறுக்கே பேசாத அம்மா அன்றைக்குக் குறுக்கே வந்தாள்.

"மந்திரமும் வேண்டாம் மாயமும் வேண்டாம். தலையில சூடு ஏறிருக்கு. எண்ணெ தேச்சு அருவியில நின்னா எறங்கிரும்."

புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்தில் தண்ணீருக்கடியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்தான் என்பதால் அப்பா சட்டையைக் கழற்றினார். அம்மா வைத்தியத்துக்கு விதிகள் போட்டாள். பெரிய அருவி வேண்டாம், சீசன் கூட்டம் நெரிக்கும். மலையேறிச் செண்பகாதேவி அருவிக்குப் போக வேண்டும். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் போதும். உளறினால் அடக்கக் கூடாது, உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வர வேண்டும். துணைக்கு நான்.

இவ்வளவு வசதியான வைத்தியம் யாருக்குக் கிடைக்கும்? நாங்கள் எண்ணெய்ப் புட்டியும் கட்டுச்சோறும், துண்டுக்குள் சுருட்டிய புத்தகமுமாகக் கிளம்பினோம். அம்மாவை நன்றாக ஏமாற்றுகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாரல் முகத்தில் அடிக்க, மாமா தலையில் எண்ணெய் வழியப் பாறைமேல் நின்று அருவிக்கு மேலாகக் கத்துவார். நான் சற்று உயரமான அடுத்த பாறையில் உட்கார்ந்து, ஒரு கையால் குரங்குகளை விரட்டிக்கொண்டு, மறு கையால் குட்டுவேன்.

அப்படிக் குட்டிக்கொண்டிருந்த ஒருநாள், அருவிப் பக்கத்து அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பாதையில் இறங்கி வந்தார் புளியறைப் பெண்ணின் அப்பா.

"என்ன மாப்ளே இது கோலம்?" என்றார்.

சூடு என்றால் பைத்தியம், பரீட்சை என்றால் ஃபெயில். மாமா இரண்டில் எதைச் சொன்னாலும் பெண் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"மாமா எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தாராவ."

"நீதான அவாள் தலையில குட்டுன?"

"எண்ணெ ஊறிட்டான்னு தட்டிப் பாத்தேன்."

அவர் மீசையைத் தடவினார். எங்கே சொல்லு பார்ப்போம் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு கொடுத்தேன் முதல் கொடுத்தார்கள் வரை, முடித்தேன் முதல் முடித்தார்கள் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பிரெஞ்சில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத அந்த மனிதர் சரியான இடங்களிலெல்லாம் தலையாட்டினார். "கொள்ளாம், கொள்ளாம். ஒரு பிழையில்ல" என்று மலையாளம் கலந்து மெச்சினார். ஊருக்குத் திரும்பும் முன் தென்காசிக்கே வந்து, அக்கா மகளுக்கே இவ்வளவு சொல்லித் தருகிறவர் என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வார் என்று அப்பாவிடம் பூரித்துவிட்டுப் போனார்.

அப்பா பிழைத்தார். பாடம் நடத்தியதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று இரண்டு பேரையும் திட்டினார். இனி அருவி எதற்கு என்றும் கேட்டார். ஆரம்பித்த வைத்தியத்தைப் பாதியில் விடக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். சீசன் முடிந்து அருவி மெலிந்த பிறகும் எங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் பிடிவாதம் எங்களுக்கு எவ்வளவு தோதாக அமைந்துவிட்டது என்று மாமாவும் நானும் மலையேறும்போது சொல்லிச் சிரிப்போம்.

மாமா பாஸ் செய்தார். தையில் புளியறையில் மேளம் கொட்டியது, மீதி முகமும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எனக்கு மறக்காதது அவர் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று தென்காசி ஸ்டேஷனில் நடந்ததுதான்.

மதராஸில் சிநேகிதனுக்குக் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். வழியனுப்ப அம்மாவும் நானும் போயிருந்தோம். வண்டி ஊதியதும் அம்மா ஜன்னல் வழியாகப் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தத் தடவ பதறாம எழுதுலே. அத்தானுக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கிடுதேன்."

மாமா பொட்டலத்தை வாங்கவும் மறந்து அவளையே பார்த்தார். பிறகு, மீசை வைத்த ஆம்பிளை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நான்தான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அழுகிறார்! வண்டி நகர, நான் கூடவே ஓடினேன்.

"நாஞ் சொல்லல மாமா! சாமி சத்தியமா நாஞ் சொல்லல!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், கையை ஆட்டினார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அம்மா வந்து என் தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த ரகசியத்தை எப்படியோ மோப்பம் பிடித்து, ஊருக்குப் போகிற நேரத்தில் என் மாமாவை அழவைத்துவிட்டாளே என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.