பானெட்டுக்குள் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டின் முதல் கார் வரும்போதே அடிபட்டுத்தான் வந்தது. ஷார்ஜாவில் ஏலத்துக்குப் போன விபத்து வண்டியை அப்பா மலிவாக எடுத்து, துபாய் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். யாரோ கொண்டுபோய் இடித்த வண்டிக்கு இரண்டு மாதம் நாங்கள் வைத்தியம் பார்த்தோம். பட்ட காலிலே படும் என்பார்கள். ஒட்டிச் சேர்த்த பிறகும் பதிவுக்கு முன் வண்டியைச் சோதிக்கிற டெஸ்டில் அது இரண்டு முறை தோற்றது. முதல் தடவை ஹெட்லைட் கோணல், அடுத்த தடவை டயர் பழசு.

மூன்றாம் தடவை தோற்க முடியாது. அப்பாவுக்குக் கிடைத்திருந்த சேல்ஸ் வேலைக்குச் சொந்த வண்டி அவசியம். மூன்றாம் டெஸ்டுக்கு மறுநாள் காலை முல்கியா, அதாவது வண்டியின் பதிவு அட்டை, அப்பா பெயரில் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேலை இல்லையென்றால் அப்பாவுக்கு விசா இல்லை. ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

டெஸ்ட் அன்று காலை அப்பா பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, காகிதங்களை எடுக்க மேலே போனார். கிளினிக்கில் நர்ஸாக இருந்த அம்மா டியூட்டிக்குக் கிளம்பி நின்றாள். வண்டிக்கு வெளியே பொட்டு கிட்டு எதுவும் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. அதனால் அம்மா உள்ளே வைத்தாள். இன்ஜினுக்குப் பின்னால், எழுத்து வெட்டியிருந்த தட்டையான தகடு ஒன்று அவளுக்கு வாகாக அமைந்தது. சந்தனத்தைக் குழைத்து அதில் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் எட்டு வயதான என் வேலை.

அம்மா டியூட்டிக்குப் போக, அப்பாவும் நானும் டெஸ்ட் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். அப்பா ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிவிட்டார். பின்னால் ஹார்ன் அடித்தவர்கள்தான் அவரை எழுப்பினார்கள். ஒருவழியாக ஒரு பாகிஸ்தான் பட்டாணிய டெஸ்டர் வந்து பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். அடிபட்ட வண்டி என்றால் வண்டியின் உடலில் வெட்டியிருக்கிற அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்களாம். இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக ஒட்டுகிற கில்லாடிகள் அங்கே உண்டு. அம்மா பொட்டு வைத்திருந்தது அந்த நம்பரின் மேல். காய்ந்த சந்தனம் எழுத்துப் பள்ளங்களை எல்லாம் அடைத்திருந்தது.

நம்பரை எதற்கு அடைத்தாய் என்று அவர் இந்தியில் கேட்டார். சந்தேகம் என்று எழுதிவிட்டால் வண்டி போலீஸ் பரிசோதனைக்குப் போய்விடும், திரும்ப வாரக்கணக்காகும் என்றார். அப்பா குனிந்து பார்த்தார். அம்மாவின் கைவேலை அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"பச்சீ நே கியா, பாய்" என்றார். குழந்தை செய்தது, விளையாடிவிட்டாள் என்று அதே இந்தியில்.

"நான் இல்லப்பா, அம்மாதான்..."

"சும்மா இரும்மா" என்றார் அப்பா. தோளில் இருந்த கை இறுகியது.

டெஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு களைத்த மனிதர்கள் சிரிக்கிற மாதிரி சிரித்து, துணியை நனைத்துத் தானே துடைத்தார். நம்பர் காகிதத்தோடு ஒத்துப்போனது, வண்டியும் தேறியது. சாயங்காலத்துக்குள் முல்கியா அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

வழியில் பரோட்டா வாங்கித் தரட்டுமா என்று அப்பா கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என் வரையில் அன்று நடந்தேவிட்டது. வீட்டுக்கு வந்ததும், டெஸ்டில் நடந்ததை மறைத்து அவர் அம்மாவிடம் சொன்னதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

"நீ வச்ச சந்தனந்தான் காப்பாத்துச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கேற்றப் போனாள். நல்ல பெயர் அவளுக்கு, கெட்ட பெயர் எனக்கு. அப்பாவோடு நான்கு நாள் நான் பேசவில்லை. பெரியவர்கள் செய்தால் மோசடி, பிள்ளை செய்தால் விளையாட்டு என்பதோ, எங்கள் மூவரில் அந்த ஊரில் மன்னிப்புக் கிடைக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்பதோ எனக்கு அப்போது தெரியாது.