லோமுவின் உடைந்த பல்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நிருஷா வேலை செய்கிறாள். பல் கட்டும் ஆய்வுகூடம் அது. பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, அக்ரிலிக்கிலோ போர்சலினிலோ பல் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பதினாறு வருடங்களாக அவளுக்கு அதுதான் தொழில். வயது முப்பத்தெட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பிளாட்டில் தாய் சிவக்கொழுந்துவோடு இருக்கிறாள். தகப்பன் இறந்து ஏழு வருடமாகிறது.

அவள் லோமுவின் ரசிகை என்பது அவளோடு வேலை செய்பவர்களுக்குக்கூடத் தெரியாது. லோமு ஒரு நீர்நாய். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் கப்டன். ஏதோ ஒரு குளிர்நாட்டில் எடுத்த பொம்மைத் தொடர் அது. தொண்ணூறுகளில் சிங்களத்தில் குரல் கொடுத்து, பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் போட்டார்கள். லோமுவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். படகில் இருக்கும் எலிகளைச் சத்தம்போட்டு வேலை வாங்குவான். கடைசியில் அவற்றுக்கே முதலில் சாப்பாடு போடுவான்.

1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது நிருஷாவுக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஐந்து மாதம் இருந்தார்கள். தகப்பன் வேலை மாற்றக் கடிதத்துக்காக ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். பள்ளிக்கூடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் லோமு பார்த்ததுதான். சிங்களத்தையும் அவனிடமே படித்தாள்.

ஒருநாள் லொட்ஜில் தங்கியிருக்கும் தமிழரின் பதிவு பார்க்க பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். தகப்பன் வெளியே போயிருந்தார். தாய்க்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. நிருஷா கதவுக்கு முன்னால் வந்து நின்று, "டிக்கக் இந்தபல்லா" என்றாள். "கொஞ்சம் பொறுங்கடா" என்று அர்த்தம். லோமு எலிகளிடம் சொல்வது. மரியாதைச் சொல் வேறு இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. மூத்த பொலிஸ்காரர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். இந்தப் பேச்சை எங்கே படித்தாய் என்று கேட்டார். "லோமுவிடம்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மரியாதையாக எப்படிச் சொல்வது என்று அவளுக்கு மூன்று முறை சொல்லிக் காட்டினார். தாயின் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். தாய் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் எழும்பவில்லை.

லோமு ரசிகர்களுக்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு இருப்பதை நிருஷா நாலு வருடத்துக்கு முன்பு கண்டாள். அறுநூறு பேர்வரை. பெரும்பாலும் அவள் வயதுச் சிங்களவர்கள். நடத்துபவர் நுகேகொடையில் மின்விசிறி, மிக்ஸி விற்கும் ஜவாத். வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் கையால் செய்த லோமு பொருட்களை ஏலம் போட்டு, வரும் காசை ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள். நிருஷா எல்லாவற்றையும் பார்ப்பாள். ஒன்றும் எழுதமாட்டாள்.

இந்த வருடத்துக் காரியம், உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கானது. தூர இடங்களிலிருந்து சத்திரசிகிச்சைக்கு வரும் தாய்மார் தங்க ஒரு வீடு வாடகைக்கு எடுப்பதற்கு. வாயோடு சம்பந்தப்பட்ட விஷயம். அறிவித்தலைப் பஸ்ஸில் வாசித்தவள், ஆமர் வீதியில் இறங்கும் முன்பே, "நானும் ஒன்று செய்து தருகிறேன்" என்று எழுதிவிட்டாள்.

ஒரு சாண் உயரத்தில் லோமுவைச் செய்தாள். தலையை மெழுகில் செதுக்கி அக்ரிலிக்கில் எடுத்தாள். உடம்புக்குப் பழைய கதிரை உறையின் கபில நிற வெல்வெட். தொப்பி, தகப்பனின் நீலக் காற்சட்டை ஒன்றிலிருந்து. பல்லை மட்டும் உண்மையான போர்சலினில் செய்ய ஆசைப்பட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வுகூடத்துச் சூளையில் வைத்தாள்.

முதலாளி ஷரீப் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"யார்ட பல்லு இது? கார்டுல பேரில்லயே."

"நீர்நாயின்ர, நானா."

"என்னது?"

அவள் கைபேசியில் படத்தைக் காட்டினாள். ஷரீப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மீன் திங்கிற சாமான். இவ்வளவு வெள்ளயா ஈக்குமா? ரெண்டு ஷேட் மஞ்சளாக்குங்க."

அவள் மஞ்சளாக்கினாள். அவர் சொன்னது சரிதான்.

ஏலத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது படம் எடுத்துக் குழுவில் போட்டாள். முதல் ஒரு மணித்தியாலம் எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு டில்ஷானி வந்தாள். மஹரகமையில் வங்கியொன்றில் வேலை செய்பவள். தொடரின் கதைகளையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருப்பவள். அவள் சிங்களத்தில் எழுதியது இவ்வளவுதான்: "உடைந்த பல் இடது பக்கம். தொலைநோக்கி பிடிப்பது இடது கையில். தொப்பியில் நங்கூரம் வலது காதுப் பக்கம். மூன்றும் பிழை. மற்றபடி அழகு."

அதற்குக் கீழே நாற்பது பேர் கதைக்க வந்துவிட்டார்கள். பழைய படங்களைத் தேடிப் போட்டார்கள். ஒருவர், பிழையான லோமுவை ஏலத்தில் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றார். இன்னொருவர், இது லோமுவே இல்லை, அவனுடைய தம்பி என்றார்.

நிருஷாவுக்கு முகம் சுட்டது. அவள் தொழிலில் இடமும் வலமும் மாறினால் நோயாளியால் வாய் மூட முடியாது. பதினாறு வருடத்தில் ஒரே ஒருமுறை மாறியிருக்கிறது. அந்த நோயாளியின் பெயர் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஜவாத் தனியாகச் செய்தி அனுப்பினார். "நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம். விருப்பமில்லாட்டி இந்த வருசம் விட்டுருவோம்." அவள் விட்டுவிடத்தான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவக்கொழுந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மேசையில் லோமு நின்றான்.

"ஏன் பிள்ளை முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

நிருஷா சொன்னாள்.

"என்னென்ன பிழையாம்?"

"பல்லு மற்றப் பக்கமாம். தொலைநோக்கி மற்றக் கையிலயாம். தொப்பியில இருக்கிற நங்கூரமும் மற்றப் பக்கமாம். எனக்கு நல்லா ஞாபகம் அம்மா. பல்லு வலப்பக்கம்தான்."

சிவக்கொழுந்து கையிலிருந்த மிளகாயைச் சுளகில் போட்டார்.

"எல்லாம் மாறித்தானே கிடக்கு. கண்ணாடியில பாத்தா அப்பிடித்தான் இருக்கும்."

"எந்தக் கண்ணாடி?"

"லொட்ஜ் மனேஜற்ர அறையில நிண்ட அலுமாரி. மறந்துபோனியே? அவன் உங்களை உள்ளுக்கு விட்டவனே? ரீவி கதவுப் பக்கச் சுவரோட இருந்தது, படியில இருந்தா தெரியாது. எதிர்ல அலுமாரிக் கண்ணாடி. நீயும் அந்த மன்னார்ப் பெட்டையளும் படியில இருந்து கண்ணாடியைத்தானே பாத்தனீங்கள்."

நிருஷாவுக்குப் படிக்கட்டின் சிவப்பு சீமெந்து நினைவுக்கு வந்தது. திறந்திருந்த கதவு, கொக்கியில் தொங்கிய மனேஜரின் சேர்ட், அதற்குப் பக்கத்தில் ஒளி அடித்த ஒரு நீள்சதுரம். அதைத் தொலைக்காட்சி என்றே இருபத்தொன்பது வருடம் நினைத்திருந்தாள். படகின் பெயர்கூட இடம்வலம் மாறித்தான் தெரிந்திருக்கும். அப்போது சிங்கள எழுத்து தெரியாததால் அவளுக்கு அது உறைக்கவில்லை.

"நீங்கள் ஏன் அம்மா இதைச் சொல்லேல்ல?"

"நீ கேட்டனியே?" என்றார் சிவக்கொழுந்து.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்ட ஷரீப், "கழட்டி மற்றப் பக்கம் வைக்க அரை நாள் வேல. செஞ்சிட்டுப் போங்க" என்றார். நிருஷா கழற்றவில்லை. ஐந்துலாம்புச் சந்திக்குப் போய்ச் சவரக் கண்ணாடி ஒன்று வாங்கினாள். மெல்லிய பலகையில் ஒரு அலுமாரிக் கதவு செய்து அதில் அந்தக் கண்ணாடியைப் பதித்தாள். லோமுவை அதற்கு முன்னால், பார்ப்பவருக்கு முதுகு தெரிய, கண்ணாடியைப் பார்த்தபடி நிறுத்தினாள். இப்போது கண்ணாடிக்குள் தெரிந்த லோமுவுக்கு இடது பல் உடைந்திருந்தது. தொலைநோக்கி இடது கையிலும் நங்கூரம் வலது காதுப் பக்கமும் இருந்தன. தொப்பியின் நாடாவில், நீர்க்காகம் என்று அர்த்தப்படும் படகின் பெயரான "தியகாவா" என்பதைச் சிங்களத்தில் இடம்வலம் மாற்றி எழுதினாள். அதற்கு மட்டும் மூன்று பின்னேரம் பிடித்தது. புதிய படம் எதையும் குழுவில் போடவில்லை.

ஏலம் நுகேகொடையில், ஒரு டியூஷன் மண்டபத்தில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. எழுபது பேர் வந்திருந்தார்கள். பின்னிய லோமு, வரைந்த லோமு, களிமண் எலிகள், இழுவைப் படகு வடிவில் ஒரு கேக். நிருஷாவின் பொருளைத் துணியால் மூடிக் கொண்டுவந்து ஜவாத் மேசையில் வைத்தார். சர்ச்சை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிலர் சிரித்தார்கள். "செய்தவரே சொல்லட்டும்" என்று ஜவாத் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

சிங்களத்தில்தான் பேசினாள். லொட்ஜில் இருந்ததையும், அறைக்குள் விடாததையும், படியிலிருந்து கண்ணாடியில் பார்த்ததையும் சொன்னாள். பொலிஸ் வந்த கதையைச் சொல்லவில்லை. "உங்களுக்கெல்லாம் தெரிந்த லோமுவை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தவன் இவன்" என்று முடித்துத் துணியை எடுத்தாள்.

பிழையான இடத்தில் பிழையான கதை சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குப் பட்டது. பிறகு பின்வரிசையிலிருந்தவர்கள் கிட்ட வந்து பார்க்க எழும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்கள். நாடாவிலிருந்த எழுத்தைக் கண்ணாடியில் வாசித்த ஒரு பெண் உரக்கச் சொன்னாள்: "தியகாவா!"

ஏலம் கேட்பது தொடங்கியது. டில்ஷானி முதல் ஆளாகக் கை தூக்கினாள். வேறு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் டில்ஷானியும் முன்வரிசையில் தலைக்கு முக்காடு போட்டிருந்த ஒரு பெண்ணும் மட்டுமே மிஞ்சினார்கள். விலை அன்றைய எல்லாப் பொருட்களையும் தாண்டிப் போனது. டில்ஷானி தன் கைப்பையைத் திறந்து பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

இடைவேளையில் அவள் நிருஷாவிடம் வந்தாள். நிருஷா நினைத்ததைவிடக் குள்ளமானவள்.

"நான் சொன்னது பிழையில்லையே?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இல்லை. நீங்கள் சொன்னது சரி."

"எனக்குக் கோபமென்று நினைத்தீர்களா?"

"ஓம்."

"கோபம்தான்" என்றாள் டில்ஷானி. "இப்போது இல்லை. அவர் கொண்டுபோகும் முன் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமா?"

தூக்கிப் பார்த்தாள். தொப்பியைத் தொட்டாள். அடுத்த வருடம் எலிகளைச் செய்வதானால் முதலில் தன்னிடம் கேட்கும்படி சொன்னாள்.

வாங்கிய பெண்ணின் பெயர் பஹ்மியா. பல் வைத்தியர். அந்தக் குழந்தைகளின் வார்ட்டில் வேலை செய்பவர். குழுவில் இல்லை. காசு எங்கே போகிறது என்று விளக்க ஜவாத் அழைத்திருந்தார். பஹ்மியா லோமுவைத் திருப்பி, விரல் நகத்தால் பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இது போர்சலின்தானே? நீங்க லெப்லயா வேல?"

"ஓம் டொக்டர். வெள்ளவத்தையில."

"பேபிமாருக்குப் பால் குடிக்கிற பிளேட் செஞ்சிருக்கீங்களா?"

அண்ணம் பிளந்த குழந்தைக்கு உறிஞ்ச முடியாது. பால் மூக்கால் வந்துவிடும். பிளவை மூடும்படி அண்ணத்தோடு பொருந்துகிற ஒரு மெல்லிய அக்ரிலிக் தட்டு வைத்தால் குடிக்கும்.

"படிக்கேக்க ரெண்டு மூண்டு செய்தனான். பிறகு ஒருத்தரும் கேக்கேல்ல."

"எங்களுக்கு ஈக்கிறது ஒரே ஒரு ஆள். பிளேட் வர பத்து நாள் போகும். அதுக்குள்ள பிள்ள வளர்ந்துரும், பிளேட் பத்தாம போயிரும். சனிக்கிழமைல வர ஏலுமா?"

நிருஷா உடனே ஓம் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆய்வுகூடத்தில்தான் வேலை அதிகம். ஷரீப்பிடம் கேட்டபோது, "நீங்க இல்லாட்டி பல்லுக் கிரவுனெல்லாம் யார் செய்ற?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்று நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலாம் நாள் நாட்காட்டியில் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அவள் மேசைக்கு மேலே மாட்டினார்.

முதல் சனிக்கிழமை அவளுக்குக் கிடைத்த அச்சு ஐம்பது சத நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஹட்டன் பக்கமிருந்து வந்த, பிறந்து பதினொரு நாளான பெண் குழந்தையுடையது. விளிம்பு உறுத்தாதபடி நாலு தரம் தேய்த்தாள். டொக்டர் பஹ்மியா தட்டைப் பொருத்தியதும் தாய் போத்தலைக் கொடுத்தாள். குழந்தை முதலில் துப்பியது. இரண்டாவது தரம் உறிஞ்சத் தொடங்கி, பாதிப் போத்தல் வரை நிறுத்தவில்லை. தாய் நிருஷாவைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தாதி அடுத்த குழந்தையின் அச்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள். நிருஷா கை கழுவப் போனாள்.